பத்து சென்ட் கனகாம்பரம்

தை, வைகாசி முகூர்த்தங்களில் தர்மபுரி பூ மார்க்கெட்டில் கனகாம்பரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அந்த விலையைக் கேட்டதும் பலருக்கு முதலில் வரும் யோசனை, "அரை ஏக்கர் வச்சுட்டா என்ன?" என்பதுதான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: விடியற்காலையில் பறிக்க வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

நிலத்தை வைத்துக் கனகாம்பரம் போடக் கூடாது. பறிக்கிற கைகளை எண்ணிவிட்டுத்தான் போடணும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15,000 பூ பிடிக்கும். நொடிக்கு ஒரு பூ என்று நிற்காமல் பறித்தாலும் 15,000 நொடி ஆகிறது, அதாவது நாலு மணி நேரத்துக்கு மேல். டெல்லி கனகாம்பரம் என்ற ரகத்தில் நல்ல பராமரிப்புக்கு ஹெக்டேருக்கு வருடம் 2,800 கிலோ மகசூல் என்று எடுத்துக்கொண்டால் பத்து சென்டில் 113 கிலோ வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பதால் வருடத்துக்கு 180 பறிப்பு. சராசரியாக ஒரு பறிப்புக்கு 630 கிராம், பூக்கணக்கில் 9,400. ஒருவர் குனிந்தபடியே இரண்டரை மணி நேரம் பறிக்க வேண்டிய வேலை இது. பூ உச்சத்துக்கு வரும் மாதங்களில் இது இரட்டிப்பாகும். இதையே அரை ஏக்கருக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு பறிப்புக்குச் சராசரி மூன்று கிலோவுக்கு மேல், 47,000 பூ. அதைப் பறிக்க ஐந்தாறு பேர் வேண்டும். அதுவும் வெயில் ஏறுவதற்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், வருடம் முழுக்க.

நூறு நாள் வேலைக்கும், ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கும் போகிற ஊரில் அத்தனை கை கிடைப்பது கஷ்டம். அதனால்தான் இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் பத்து சென்ட், மூன்று நான்கு பேர் இருந்தால் இருபது சென்ட் என்று சொல்கிறேன். பத்து சென்டையும் இரண்டு ஐந்து சென்டாகப் பிரித்து, இன்று இந்தப் பாதி, நாளை அந்தப் பாதி என்று வைத்துக்கொண்டால் வேலை சீராக ஓடும். தினமும் கொஞ்சம் பூ கையில் இருக்கும், கட்டுகிறவர்களுக்கும் வாடிக்கை விட்டுப்போகாது.

இனி செடியைப் பற்றி. கனகாம்பரம் அடங்கும் கிராசாண்ட்ரா என்பது ஏறக்குறைய ஐம்பது இனங்கள் கொண்ட பேரினம். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா, இந்தியா, இலங்கை என்று வெப்ப நாடுகளில் பரவியிருக்கிறது. பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவில்தான் உள்ளன. சில குறுஞ்செடிகள், சில தரையோடு தரையாகக் கிடக்கும் பூண்டுகள். கென்யா, தான்சானியா பக்கத்து கிராசாண்ட்ரா நிலோட்டிகாவும் கிராசாண்ட்ரா புங்கென்ஸும் வெளிநாடுகளில் அழகுச் செடியாக வளர்க்கப்படுகின்றன. நாம் தலையில் வைக்கிற கனகாம்பரம் கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ். தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குத் தாய்மண். 1759-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ஆடாதோடையின் பேரினமான ஜஸ்டிசியாவில் சேர்த்திருந்தார். கிராசாண்ட்ரா என்ற பேரினத்தை 1805-ல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சாலிஸ்பரி பிரித்து அமைத்தார். பிறகு நீஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் கனகாம்பரத்தை அதற்குள் கொண்டுவந்தார். ஆடாதோடை, நிலவேம்பு, நீர்முள்ளி, டிசம்பர் பூ எல்லாம் இதற்கு ஒரே குடும்பத்துச் சொந்தங்கள்.

பூவைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதிர் நாலு பட்டையாக இருக்கும். பச்சைச் செதில்கள் ஒன்றுக்கு ஒன்று எதிராக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செதிலின் இடுக்கிலிருந்தும் ஒரு பூ எட்டிப் பார்க்கும். கீழேயிருந்து மேலே ஜோடி ஜோடியாக மலர்ந்துகொண்டே போகும். மற்ற பூக்களைப் போல இதழ் சுற்றிலும் விரியாது. ஐந்து மடலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விசிறியாக நிற்கும். அடியில் மெல்லிய குழல் ஒன்று, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம், செதிலுக்குள் செருகியிருக்கும். இந்தக் குழலில்தான் காசு இருக்கிறது. கட்டும்போது நார் பிடிப்பது இதில்தான். பறிக்கிறபோது குழல் பாதியில் அறுந்தால் அந்தப் பூவைக் கட்ட முடியாது. எடையில் சேருமே தவிர, சரத்தில் நிற்காமல் உதிர்ந்துவிடும். நாலு நாள் பூ எடுத்த வியாபாரி உடனே கண்டுபிடித்துவிடுவார், அதற்கப்புறம் உங்கள் பூவுக்கு ஒரு விலை குறைச்சல்தான்.

ரகம் என்று பார்த்தால் நாட்டு ஆரஞ்சு, மஞ்சளான லூட்டியா, சிவப்பான செபாகுலிஸ், டெல்லி கனகாம்பரம் ஆகியவை பழையவை. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா, அர்கா ஸ்ரீயா, அர்கா ஷ்ரவ்யா, அர்கா சென்னா என்று புதிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் கிளம்பினால் வேலை முடித்து மாலைக்குள் திரும்பிவிடலாம். அதனால் நாற்று எடுக்கிற எண்ணம் இருந்தால் நேரில் போய்ப் பூவின் நிறத்தைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். நம் மார்க்கெட்டில் நிறம்தான் முதல் கேள்வி. மஞ்சளும் சிவப்பும் பார்க்க அழகாக இருந்தாலும், கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. முழுத் தோட்டத்தையும் அதில் போட வேண்டாம், ஓரமாக ஒரு வரிசை போதும்.

டெல்லி கனகாம்பரத்தை ஏன் எல்லாரும் விரும்புகிறார்கள் என்றால் பூ பெரிசு, நிறம் அடர்த்தி, இலை கரும்பச்சை, மகசூல் அதிகம். நாட்டு ரகம் ஹெக்டேருக்கு 2,000 கிலோ என்றால் இது 2,800. இதற்கு மரபணுத் தொகுதி மூன்று என்பதால் விதை பிடிக்காது. விதைக்குப் போகாத செடி அந்தச் சக்தியையும் பூவிலேயே செலவிடுகிறது. ஆனால் இதே குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. விதை இல்லாததால் டெல்லியை நடுகிற ஒவ்வொருவரும் குச்சியில்தான் நடணும். குச்சி எந்த மண்ணில் வேர் பிடித்ததோ அந்த மண்ணில் இருக்கும் நோயும் நாற்றுப் பையோடு சேர்ந்து வயலுக்கு வந்துவிடும்.

இடம் தேர்வு. கனகாம்பரத்துக்கு வெயில் வேணும், குளிர் ஆகாது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தளி பக்கத்தில் மார்கழிக் குளிரில் செடி அப்படியே நின்றுவிடும். இலை சிறுத்து, கதிர் குட்டையாகிவிடும். அங்கே ரோஜா போடுகிறவர்கள் தெரியாமல் போடவில்லை. காவேரிப்பட்டணம், பர்கூர், காரிமங்கலம், மொரப்பூர், அரூர், பென்னாகரம் என்று இறக்கத்துக்கு வந்தால் கனகாம்பரத்துக்கு ஏற்ற சூடு கிடைக்கிறது. மண் செம்மண்ணோ மணல் கலந்த செம்மண்ணோ இருந்தால் நல்லது. கார அமில நிலை 6-லிருந்து 7.5-க்குள் இருக்கணும். மழை பெய்து அரை நாளில் தண்ணீர் வடியாத இடம் என்றால் கனகாம்பரத்தை மறந்துவிடுங்கள். தென்னந்தோப்பில் சிதறி விழுகிற நிழல் இதற்குத் தொந்தரவில்லை. மாங்கன்று வைத்து மூன்று நான்கு வருடம் ஆகாத தோட்டத்தில் ஊடுபயிராகவும் போடலாம். மரம் மூடிக்கொண்ட பிறகு செடி உயரமாகிப் பூ குறையும்.

முந்தைய பயிர் என்ன என்பதுதான் மண்ணைவிட முக்கியம். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி எடுத்த நிலத்தில் உடனே கனகாம்பரம் வைப்பது பரவலாக நடக்கிறது. சொட்டுநீர்க் குழாய் ஏற்கெனவே கிடக்கிறது, பார் போட்டிருக்கிறது, செலவு மிச்சம் என்ற நினைப்பு. தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றுமே வேர்முடிச்சு நூற்புழுவுக்கு விருந்து வைக்கிற பயிர்கள். அந்தப் புழு மண்ணில் காத்திருக்கும்போது கனகாம்பர நாற்றைக் கொண்டுபோய் நடுவது முதலையே தொலைப்பதற்குச் சமம். அப்படிப்பட்ட நிலத்தில் முதலில் ஒரு பட்டம் செண்டுமல்லி போடுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதற்கு நாற்றும் கிடைக்கும், பூவுக்கு மார்க்கெட்டும் உண்டு. செண்டுமல்லியின் வேரில் இருக்கும் ஆல்ஃபா டெர்தைனில் என்ற பொருள் நூற்புழுவை ஒடுக்குகிறது. மூன்று மூன்றரை மாதம் நெருக்கமாக நட்டு, பூ எடுத்து முடிந்ததும் செடியை அப்படியே மடக்கி உழுதுவிடலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓரத்தில் வைத்தால் அந்தப் பலன் வராது. அதன் வேர் போகிற இடத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும்.

நாற்று தயாரிப்பைத் தனியாகச் சொல்லணும், ஏனென்றால் வயலில் தெரிகிற பாதி நோய் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நடவுக்கு ஆடி முதல் ஐப்பசி வரை நல்ல காலம். ஆடிப்பெருக்கை ஒட்டி நட்டால் மூன்றாம் மாதத்திலிருந்து பூ எட்டிப் பார்த்து, தை முகூர்த்தத்துக்குச் செடி பிடித்து நிற்கும். அப்படியென்றால் குச்சி வைக்கிற வேலை சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ முடிந்திருக்கணும். அதற்கும் முன்னால், பங்குனி சித்திரை வெயிலில், நாற்றுக்கான மண்ணைச் சூடுபடுத்துங்கள். செம்மண், ஆற்று மணல், நன்றாக மக்கிய தொழுஉரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அரை அடி உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களை மண் போட்டு அடைத்துவிடணும். நாலிலிருந்து ஆறு வாரம். கறுப்புத் தாள் போட்டால் மண் அவ்வளவு சூடாகாது. காய்ந்த மண்ணை மூடினாலும் பிரயோசனமில்லை, ஈரம் இருந்தால்தான் சூடு உள்ளே இறங்கும்.

குச்சி எடுக்கும்போது இளந்தளிரும் வேண்டாம், அடி மரத்தண்டும் வேண்டாம். நடுத்தரமாக முற்றிய கிளையில் 10 முதல் 15 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணு இருக்கும்படி, அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டணும். கதிர் இருந்தால் கிள்ளிவிடுங்கள், கீழ் இலைகளை நீக்கி மேலே இரண்டு ஜோடி மட்டும் விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கலாம். அடிமுனையை இன்டோல் பியூட்ரிக் அமில வேரூக்கிப் பொடியில் தொட்டுப் பையில் ஊன்றி, பாதி நிழல் தரும் வலைக்குக் கீழே வைத்து, ஈரம் குறையாமல் பூவாளியால் தெளித்துக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் வேர் கட்டும். இரண்டு மாதத்தில் நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்னால் வலையை விலக்கி வெயிலுக்குப் பழக்குங்கள். விலைக்கு நாற்று வாங்குகிறவர்கள் பத்துப் பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வேர் வெளுத்து இருக்கணும். கறுத்த கோடுகளோ சின்னச் சின்ன முடிச்சுகளோ ஒரு பையில் இருந்தாலும் அந்த நர்சரியே வேண்டாம்.

நாட்டு ரகத்துக்கு விதை. காய்க்குள் நாலு விதை இருக்கும். காய் காய்ந்து பழுப்பான பிறகு ஒரு தூறல் பட்டால் போதும், பட்டென்று வெடித்து விதை தூரத் தெறித்துவிடும். அதனால் மழைக்கு முன்னால் கதிரோடு அறுத்து, வெள்ளைத் துணிக்குள் போட்டு மூடிக் கட்டி, மேலே லேசாகத் தண்ணீர் தெளிக்கணும். காய்கள் உள்ளேயே வெடித்து விதை துணியில் சேரும். உடனே நிழலில் உலர்த்துங்கள். விதையின் மேலுள்ள மெல்லிய செதில்கள் ஈரம் பட்டால் கொழகொழப்பாகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே இதை ஊறவைத்து விதைக்கிற பழக்கம் ஆகாது. காய்ந்த மணலோடு கலந்து, மேலாகத் தூவி, அரை சென்டிமீட்டருக்கு மண் மூடினால் போதும். முளைப்பு மெதுவாகவும் ஏற்ற இறக்கமாகவும்தான் இருக்கும், பொறுமை வேணும். பத்து சென்டுக்கு 200 கிராம் விதை. அறுபது நாள் நாற்றை நடலாம்.

வயலில் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் அமைத்து, நாட்டு ரகத்தை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும் டெல்லியை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும் நடணும். பத்து சென்டுக்கு நாட்டு ரகம் 2,250 நாற்று, டெல்லி 1,700 நாற்று பிடிக்கும். பின்னால் நூற்புழுவுக்குச் சொல்கிற எருக் கலவையை நடும்போது போடவில்லை என்றால், நடுவதற்கு முன் லிட்டருக்கு ஒரு கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் வேரை நனைத்து எடுங்கள். கடைசி உழவில் ஒரு டன் தொழுஉரம். அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் 15 கிலோ, பொட்டாஷ் 4 கிலோ, யூரியா 3 கிலோ. மூன்றாம் மாதம் களை வெட்டி, செடிக்கு ஒரு சாண் தள்ளி, வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ, யூரியா மூன்றரை கிலோ, சூப்பர் 5 கிலோ, பொட்டாஷ் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டு மண் அணைக்கணும். அதற்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே அளவு. பூ குறைகிறது என்று யூரியாவை மட்டும் அள்ளி வீசினால் இலை செழித்து, தண்டு இளகி, அசுவினி வந்து உட்காரும். கதிர் பெருகாது. முதல் கதிர்கள் வரும்போது கிள்ளிவிட்டால் கிளை அதிகம் வரும், மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளணும்.

தண்ணீர் வாரம் ஒருமுறை. சொட்டுநீர் என்றால் மண் ஈரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. பாரின் உச்சி எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தவறு.

இனி நூற்புழு. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கனகாம்பரத்தைத் தாக்குகிறவற்றில் வேர்முடிச்சு நூற்புழுவைவிட மோசமானது வேரைத் துளைத்துப் புண்ணாக்கும் வகை, பிராட்டிலென்கஸ் டெலாட்ரை. கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள் நுழைந்து தின்றுகொண்டே நகரும், போன வழியெல்லாம் திசு செத்துக் கறுக்கும். மேலே தெரிகிற அடையாளங்கள் உரக்குறைவு போலவே இருப்பதால்தான் ஏமாறுகிறோம். செடி குட்டையாகும், இலை சிறுத்து வெளிறிப் பிறகு இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக மாறும், கதிர் நீளாது. வயல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் உரமாக இருக்கலாம். அங்கங்கே திட்டுத் திட்டாக, ஒவ்வொரு மாதமும் திட்டு அகலமாகிக்கொண்டே போனால் நூற்புழுதான். அந்தத் திட்டுக்கு உரம் போட்டால் பணம் மண்ணுக்குத்தான் போகும், உரத்தை உறிஞ்ச அங்கே வேர் இல்லை.

சந்தேகம் வந்தால் திட்டின் நடுவில் இருக்கும் செத்த செடியைப் பிடுங்காதீர்கள், அதை விட்டுப் புழு போயிருக்கும். திட்டின் ஓரத்தில் அரைகுறையாக நிற்கும் இரண்டு செடியை மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். பொடி வேர்கள் இல்லாமல், கறுத்த மொட்டை வேர் மட்டும் இருந்தால் துளைப்புழு. முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சுப் புழு. உறுதி செய்ய ஒரு சாண் ஆழத்து வேர்மண் கால் கிலோவும், பொடிவேர் ஒரு கைப்பிடியும் பாலித்தீன் பையில் ஈரம் போகாமல் கட்டி, வெயில் படாமல் சோதனைக்கு அனுப்பலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே துறை இருக்கிறது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டால் அனுப்ப வழி சொல்வார்கள்.

பழைய துண்டுப் பிரசுரங்களில் ஃபோரேட் குருணை போடச் சொல்லியிருக்கும். அதை நம்பிக் கடையில் தேடாதீர்கள். 2020 கடைசியோடு அது நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தலையில் வைக்கிற பூவுக்கு, குழந்தைகளும் கையால் பறிக்கிற செடிக்கு, அந்த விஷம் ஒருநாளும் பொருத்தமாக இருந்ததில்லை என்பது என் எண்ணம். இப்போது செய்யக்கூடியது உயிரியல் வழி. 100 கிலோ மக்கிய தொழுஉரத்தோடு 10 கிலோ வேப்பம்புண்ணாக்கு, நன்மை செய்யும் பூஞ்சைகளான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கிலோ, பர்புரியோசில்லியம் லிலாசினம் ஒரு கிலோ கலந்து, ஈரப்படுத்தி, கோணியால் மூடி நிழலில் இரண்டு வாரம் வைக்கணும். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். வெள்ளைப் பூசணம் படர்ந்ததும் செடிக்கு ஒரு கைப்பிடி வேரடியில் போட்டு மண் மூடித் தண்ணீர் விடணும். நடும்போது ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதைப் போட்ட அடுத்த இரண்டு வாரத்துக்குக் கார்பன்டசிம் ஊற்றக் கூடாது, ஊற்றினால் நாம் வளர்த்த நல்ல பூஞ்சையையும் அது கொன்றுவிடும். கடையில் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து அனுப்புகிறார்கள், இரண்டையும் சேர்த்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இரட்டைச் செலவு செய்து ஒன்றுமில்லாமல் போகிற வழி அது.

நூற்புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய் நுழைகிறது. இலை விளிம்பு சுருண்டு பழுப்பாகி, அடித்தண்டு சுருங்கி, செடி கொஞ்ச நாளில் காய்ந்து நிற்கும். பக்கத்துச் செடிகளுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் கார்பன்டசிம் வேரடியில் ஊற்றலாம், ஆனால் காய்ந்த செடி திரும்பாது. வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்தக் குழியில் அப்படியே மறுநாற்று நடுவது வீண். குழி மண்ணை எடுத்து வெளியே போட்டு, மேலே சொன்ன எருக் கலவையை நிரப்பிய பிறகே நடணும்.

மஞ்சளாகிற எல்லாமே புழு இல்லை. நம் மாவட்டங்களில் பல போர்களில் தண்ணீர் கடினம், உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் மண்ணில் காரத்தன்மை ஏறி இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல் போகும். அப்போது இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் வெளுத்து மஞ்சளாகும், முதிர்ந்த கீழ் இலைகள் பச்சையாகவே இருக்கும். நூற்புழுவுக்கும் இதற்கும் வித்தியாசம் இந்த நரம்புதான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை, புதிதாகக் கரைத்த அன்றே, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் தெளித்தால் தெளியும். பூப் பறித்து முடித்த அன்று தெளியுங்கள், இல்லையென்றால் இதழில் கறை விழும்.

அசுவினி, வெள்ளை ஈ, செதில்பூச்சிக்கு ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு போதும். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கணும். இலைக்கருகலுக்கு மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம்.

பறிப்பு விடியற்காலையில். ஒரு பூ முழுதாக விரிய இரண்டு நாள் பிடிப்பதால்தான் ஒரு நாள் விட்டுப் பறிப்பது. இடது கையால் கதிரின் அடியைத் தாங்கிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடலைப் பிடிக்காமல் குழல் வெளிவரும் இடத்தைப் பிடித்து, கதிருக்கு நேராக மேல்நோக்கி இழுக்கணும். பக்கவாட்டில் இழுத்தால் குழல் அறுந்துவிடும், அவசரத்தில் கதிரையே ஒடித்துவிட்டால் அதில் இன்னும் மலர இருக்கிற மொட்டெல்லாம் போச்சு. எல்லாப் பூவும் முடிந்த கதிரை வாரம் ஒருமுறை கத்தரித்து எடுங்கள். நாட்டு ரகத்தில் இது கட்டாயம், விட்டால் காய் பிடித்து அடுத்த கதிர் தாமதமாகும்.

மழை பெய்கிற காலையில் பறித்த பூ ஒன்றோடொன்று ஒட்டி, மதியத்துக்குள் நிறம் மங்கி அழுகும். ஈரம் உலரும் வரை காத்திருந்து பறிப்பதே மேல், மார்க்கெட் ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பறித்த பூவை மூங்கில் கூடையில், நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி விரித்து, அழுத்தாமல் போட்டு, மேலேயும் அதே துணியால் மூடுங்கள். எடை கூடட்டும் என்று பூவின் மேலேயே தண்ணீர் தெளிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வாங்கிக் கட்டுகிறவரின் வயிற்றில் அடிப்பது. பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் தொங்கவிட்டால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும்.

விற்பதில் ஒரு யோசனை. கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது. அதனால்தான் மல்லியோடும் மரிக்கொழுந்தோடும் சேர்த்துக் கட்டுகிறார்கள், நிறத்துக்கு இது, வாசனைக்கு அவை. காவேரிப்பட்டணம் பக்கம் மல்லி போடுகிற வீடுகளில் ஓரமாகப் பத்து சென்ட் கனகாம்பரமும் இருந்தால் சரமாகவே கட்டி முழக்கணக்கில் கொடுக்கலாம். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து முடிச்சு. நெருக்கமாகக் கட்டினால் முழத்துக்குப் பூ அதிகம் பிடிக்கும், ஆனால் அப்படிக் கட்டியதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாமல் எடை விலை விழும்போது, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வழியில் முழப் பூதான் கை கொடுக்கும். எடைக்கு மொத்தமாகப் போட்டால் கமிஷன், வண்டிச் செலவு, காய்ந்த எடை மூன்றும் கழிந்துதான் கைக்கு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். அதற்கு மேல் செடி அடிமரம் தடித்துக் கதிர் குட்டையாகிவிடும், வேரில் புழுவும் பெருகியிருக்கும். பூ இன்னும் வருகிறதே என்று வைத்திருப்பதால் லாபம் இல்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே வேறு ஐந்து சென்டில் செண்டுமல்லி போட்டு நிலத்தைத் தயார் பண்ணி, புதுக் குச்சிகளை, நிறமும் கதிர் நீளமும் நன்றாக இருக்கும் செடிகளில் துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றிலிருந்து மட்டும் எடுங்கள். பழைய செடியைக் கோடையில் மண்வெட்டியால் வேரோடு தோண்டி, அங்கேயே காயவிட்டு எரித்து, நிலத்தை ஆழ உழுது வெயிலில் ஆறப்போடணும். அதே இடத்தில் மறுபடியும் கனகாம்பரம் வைக்க இரண்டு வருடமாவது கழியட்டும்.